மாதம் 2,000 ரூபாய்க்கு அப்பால்: மாற்றுத்திறனாளிக் குழந்தையின் குடும்பம் எந்த உதவியை நாடுவது?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் குழந்தையின் அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டு படியிறங்கும் பெற்றோர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மாதாமாதம் பணம் எப்போதிலிருந்து வரும்? பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் வாரத்தில் பாதி நாட்களைக் கொடுத்து, அதனாலேயே தாயோ தந்தையோ வேலையை விட்டுவிட்ட வீட்டில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்கு மாநில அரசும் ஒன்றிய அரசும் வைத்திருக்கும் உதவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லோரும் முதலில் ஓடிப்போய்க் கேட்கும் தொகை அவற்றுள் சிறியது என்பதும், பெரிய உரிமைகள் யாரும் கேட்காமலே காலாவதியாகின்றன என்பதும் தெரியவரும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்று கிடைக்காது என்னும் இணைகளும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பெறலாம் என்பது தெரியாமல் ஒன்றோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. இந்தத் தேர்வுகளைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் தேர்வு சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்பதே. பிள்ளையின் மேல் ஒரு முத்திரை விழுந்துவிடும், நாளைக்குச் சரியாகிவிட்டால் என்ன செய்வது என்று தயங்கும் தாத்தா பாட்டிகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தத் தயக்கத்தை மதிக்கலாம், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாக மருத்துவச் சான்று இருந்தால்தான் பெரும்பாலான கதவுகள் திறக்கும். தனித்துவ அடையாள அட்டையான யூடிஐடியின் நிறமே இதைச் சொல்லிவிடும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்கு உட்பட்டவர்களுக்கு மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சிறு வயதில் தரப்படும் சான்று பல குறைபாடுகளுக்குத் தற்காலிகமானது என்பதால், குழந்தையிடம் நல்ல முன்னேற்றம் வந்தால் மறுமதிப்பீட்டில் அது மாறவும் செய்யும். முத்திரை அழியாது என்ற அச்சத்துக்கு இதுவே பதில். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சான்றின் காலம் முடிந்தது தெரியாமல் இருந்துவிட்டால் உதவித்தொகையும் வரிச் சலுகையும் ஒருசேர நின்றுபோகும். சான்றில் உள்ள மறுமதிப்பீட்டுத் தேதியை வீட்டு நாட்காட்டியில் எழுதி வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

பராமரிப்பு உதவித்தொகையும் வருவாய்த் துறை ஓய்வூதியமும்

மாதத் தொகை என்று மக்கள் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு துறைகளின் இரண்டு திட்டங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 விழுக்காடு, கடும் பாதிப்புக்கு 75 விழுக்காடு, தசைச்சிதைவு நோய்க்கு 40 விழுக்காடு என்று பாதிப்பின் வகையும் அளவுமே அதன் முதன்மையான அளவுகோல். வயதுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் குழந்தைகளுக்கு உரியது இதுதான். வருவாய்த் துறை, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாகத் தருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். அது 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமையை அளவுகோலாகக் கொண்டது. பதினெட்டு வயது நிறைந்தவர்களை நோக்கியது. ஒரே ஆள் இரண்டையும் பெற முடியாது.

பாதிப்பின் வகை பராமரிப்பு உதவித்தொகைக்குப் பொருந்துமானால் அதையே கேட்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐந்நூறு ரூபாய் வேறுபாடு மட்டும் காரணமன்று. கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு 2023இல் முதலில் விதி வகுத்தபோது சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோர் உள்ள குடும்பங்கள் தகுதியற்றவை என்று சொல்லப்பட்டது; முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் உள்ள வீடுகளுக்கு அது பிறகு தளர்த்தப்பட்டது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை பெறுபவர் வீட்டில் இருந்தால், மற்றத் தகுதிகள் உள்ள பெண் விண்ணப்பிக்கலாம் என்று விலக்கும் தரப்பட்டது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்னும் வரம்புகளுக்குள் வரும் தாய், பிள்ளைக்கு 2,000 வருகிறதே என்று எண்ணித் தனக்குரிய 1,000 ரூபாயைக் கேட்காமல் விடுவது வீண் இழப்பு. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய்.

பள்ளி உதவித்தொகையிலும் இத்தகைய ஓர் இணை உண்டு. மாநில அரசு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 2,000, ஆறு முதல் எட்டு வரை 6,000, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 8,000 ரூபாய் தருகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றிய அரசின் உதவித்தொகைக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரே படிப்புக்கு இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது என்பதால், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றிய அரசுத் திட்டத்தின் கணக்கையும், வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு மாநிலத் திட்டத்தின் எளிமையையும் எடைபோட்டுக்கொள்ளலாம். இதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வீட்டுக்கு மட்டும் ஒரு சொல். அந்த வயதில் பணத்தைவிடப் பயிற்சி மதிப்பு மிக்கது. தனியார் மையத்தில் ஒரு மாதப் பயிற்சிக்கு ஆகும் செலவுக்கு முன்னால் 2,000 ரூபாய் தாங்காது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும், அரசு உதவியுடன் நடக்கும் பயிற்சி மையங்களும் கட்டணம் வாங்குவதில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே 2005இல் அமைந்த தேசிய நிறுவனம் இருக்கிறது. இலவச மையத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறதே என்ற கணக்கு நியாயமானதுதான்; ஆயினும் நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை என்பதையும், துணையின்றிப் பயணிக்க முடியாத பிள்ளையானால் ரயிலில் இருவருக்கும் தூங்கும் வகுப்பில் 75 விழுக்காடு குறைவு என்பதையும் கணக்கில் சேர்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

ஒரு லட்சமா, ஐந்து லட்சமா

மருத்துவக் காப்பீட்டில் தொகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டம் தருவது 1 லட்சம் மட்டுமே. ஆனால் முன்னது மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. ஆறு வயதுக்கு உட்பட்ட, காது கேளாத குழந்தைக்கு உட்செவியில் கேட்புக் கருவி (காக்ளியர் இம்பிளான்ட்) பொருத்தும் அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவை அது தாங்கும். பின்னது, தனியார் காப்பீடு எதுவும் எளிதில் தொடாத இடத்தைத் தொடுகிறது: வெளிநோயாளியாகப் பார்க்கும் மருத்துவம், தொடர்ந்து உட்கொள்ளும் மருந்து, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்புக்குள் பணம் திரும்பக் கிடைக்கும். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. வயது வரம்பு இல்லை. பாதிப்பு கூடுதலாக இருக்கிறது என்பதற்காகச் சந்தா கூடுவதும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் சேரும்போது 250 ரூபாயும் மற்றவர்கள் 500 ரூபாயும் கட்டுகிறார்கள். புதுப்பிக்க முறையே 50, 250.

வலிப்பு மருந்தையும் வாரப் பயிற்சியையும் நம்பி வாழும் பிள்ளைக்கு இந்த ஒரு லட்சம் அந்த ஐந்து லட்சத்தைவிடப் பயனுள்ளது. இதில் இரண்டு தடைகள் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். பார்வையோ செவித்திறனோ மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நிராமயா இல்லை. அடுத்து, பணத்தை முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டும். ஆகவே மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும், தகுதி பெற்ற பயிற்சியாளர் தரும் ரசீதும் ஒவ்வொரு மாதமும் கோப்பில் ஏற வேண்டும். பயிற்சியாளரிடம் ரசீது கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தும் பயனில்லை. சந்தா ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வருமானம் அனுமதிக்குமானால் இரண்டு காப்பீடுகளையும் வைத்திருப்பதே சரி. வருமான வரம்பைக் கடந்த குடும்பத்துக்கு, பெற்றோர் வேலைபார்க்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டோடு நிராமயாவைச் சேர்த்துக்கொள்வது நல்ல இணை.

வரிச் சலுகையின் இன்றைய மதிப்பு

மாதச் சம்பளக்காரர்களிடையே மிகவும் புகழ்பெற்றது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்ற பிரிவு எண்ணால் அறியப்பட்ட கழிவு. சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால், உண்மையில் எவ்வளவு செலவு செய்தோம் என்ற கேள்வியே இல்லாமல் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காட்டை எட்டினால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். முப்பது விழுக்காட்டு வரி கட்டுகிறவருக்கு, கூடுதல் தீர்வையையும் சேர்த்து, இது முறையே 23,400, 39,000 ரூபாய் மிச்சம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தனி மருத்துவச் சான்றுப் படிவமும் (பழைய சட்டத்தில் 10-ஐஏ) வேண்டும்.

இந்தப் புகழ் இப்போது பழைய கதையாகிவருகிறது. 80டிடி பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. புதிய வரிமுறையில் கிடையாது. 2025-26 நிதியாண்டின் விகிதப்படி, புதிய முறையில் சம்பளக்காரர் ஒருவருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. அந்த அளவுக்குள் சம்பளம் வாங்குகிறவர் 80டிடிக்காகப் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. பூச்சியத்துக்குக் கீழே வரி இறங்காது. பதினைந்து லட்சம் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக வரியும் தீர்வையும் சேர்ந்து 97,500 ரூபாய். பழைய முறையில் இதே வரிக்கு வந்து சேர வேண்டுமானால் மொத்தக் கழிவுகள் ஏறக்குறைய 5.94 லட்சமாக இருக்க வேண்டும். நிலைக்கழிவு 50,000, சேமிப்புக் கழிவு 1.5 லட்சம், 80டிடி 1.25 லட்சம் என்று முழுமையாகப் போட்டாலும் 3.25 லட்சம்தான் தேறுகிறது, மிச்சம் 2.69 லட்சத்தை வீட்டுக்கடன் வட்டியும் வீட்டு வாடகைப் படியும் காப்பீட்டுச் சந்தாவும் சேர்ந்து நிரப்ப வேண்டும். சென்னையில் பெரிய வாடகை கொடுப்பவருக்கு அது சாத்தியம்; சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருப்பவருக்குப் பெரும்பாலும் சாத்தியமில்லை. கழிவு இருக்கிறது என்பதற்காகப் பழைய முறையைத் தேர்ந்து, கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாக வரி கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதாலேயே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களே மாறிவிட்டதால், கணக்கரிடம் எண்ணைச் சொல்லாமல் சலுகையைச் சொல்லிக் கேட்பது பாதுகாப்பு.

வரிச் சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு. மைனர் பிள்ளையின் பெயரில் போட்ட வைப்புத்தொகையின் வட்டி பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படும். குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள மைனர் பிள்ளைக்கு இந்தச் சேர்ப்பு கிடையாது. பிள்ளையின் வருமானம் பிள்ளையின் பெயரிலேயே கணக்கிடப்படும் என்பதால், சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணத்துக்கு வரி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை மாற்றுத்திறனாளி என்ற முறையில் தனக்கென 80யு கழிவைக் கோரினால் பெற்றோர் 80டிடியைக் கோர முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெற்றோருக்குப் பிறகு

இதுவரை சொன்ன எதுவும் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. அதைக் கெடுப்பது, நமக்குப் பிறகு யார் என்னும் கேள்வி. அதற்கு விடையாக இருக்கும் உதவிகளில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு மலையளவு.

ஒன்றிய அரசுப் பணியிலிருந்து பழைய ஓய்வூதியத்துடன் ஓய்வு பெற்ற ஒருவரின் பிள்ளை, தானாகச் சம்பாதித்து வாழ முடியாத அளவுக்குக் குறைபாடு உடையவரானால், பெற்றோர் இருவரும் மறைந்த பின் ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடும் அதன்மேல் அகவிலைப்படியும். 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்றால் அகவிலைப்படிக்கு முன்னரே 18,000. பராமரிப்பு உதவித்தொகையைப் போல் ஒன்பது மடங்கு. தனியார் நிறுவன ஊழியரின் பிள்ளைக்கு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டத்திலும் இதே கருத்தில் ஓர் உரிமை உண்டு: நிரந்தரமாகவும் முழுமையாகவும் பாதிக்கப்பட்ட மகனோ மகளோ வயது வரம்பின்றிப் பிள்ளை ஓய்வூதியம் பெறலாம். தொகை மட்டும் மிகச் சிறிது. தாயோ தந்தையோ உயிருடன் இருக்கையில் துணைவர் ஓய்வூதியத்தில் கால் பங்கு, இருவரும் இல்லாதபோது முக்கால் பங்கு. குறைந்த அளவு முறையே 250, 750 ரூபாய். கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கு இந்த இரண்டும் இல்லை. அவருக்கு மாநில அரசின் மாதத் தொகைதான் கடைசி வரை ஊன்றுகோல். ஒரே குறைபாடு, ஒரே விழுக்காடு, தந்தையின் வேலையைப் பொறுத்து 18,000 ரூபாயும் 750 ரூபாயுமாகப் பிரிந்து நிற்பதை எந்த நியாயத்தைச் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கும் விதிக்குள் செய்யக்கூடியதைச் செய்யலாம்: அரசு ஊழியர் தம் பிள்ளையின் குறைபாட்டைப் பணியில் இருக்கும்போதே குடும்ப விவரப் படிவத்தில் பதிந்து வைக்க வேண்டும், தனியார் ஊழியர் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் மறைந்த பிறகு, பேசத் தெரியாத பிள்ளைக்காக அண்ணனோ அக்காவோ அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி இதை நிறுவுவது பெரும்பாடு. 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசிலும், 2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசிலும் பணியில் சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு என்பதால், தம் துறையின் கணக்குப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் முன்சொன்ன சேமிப்பு இடறுகிறது. குடும்ப ஓய்வூதியம் பெறும் பிள்ளையின் பிற வருமானம், அவருக்குக் கிடைக்கவேண்டிய குடும்ப ஓய்வூதியத் தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2021இல் வரம்பைத் தளர்த்தியது. முன்பிருந்த 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் என்னும் வரம்போடு ஒப்பிட்டால் இது தாராளம். ஆயினும் வீடும் வைப்புத்தொகையும் முழுக்கப் பிள்ளையின் பெயரில் இருந்து வாடகையும் வட்டியும் வரம்பைத் தாண்டினால் ஓய்வூதியம் கைநழுவும். ஆகவே அரசு ஓய்வூதியம் உறுதியாக உள்ள குடும்பம் பெரிய சொத்தை நேராகப் பிள்ளையின் பெயருக்கு எழுதாமல், பிள்ளையின் நலனுக்கென ஓர் அறக்கட்டளைப் பத்திரம் அமைத்து, பொறுப்பாளர்களாக உறவினர் ஒருவரையும் வெளியாள் ஒருவரையும் வைப்பது மேல் என்று கருதுகிறேன். அதன் வருமானம் பிள்ளையின் கணக்கில் எப்படிக் கொள்ளப்படும் என்பதை மட்டும் பத்திரம் எழுதுமுன் வழக்கறிஞரிடமும் கணக்கரிடமும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியமே இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கவலை இல்லை. சேமிப்பும் சிறிதானால், பத்திரச் செலவும் ஆண்டுக் கணக்கும் அறக்கட்டளையால் வரும் பயனை விழுங்கிவிடும். அவர்களுக்குப் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையும் ஒரு தெளிவான உயிலும் போதும்.

பிள்ளையின் பெயரில் பணம் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பதினெட்டாவது பிறந்த நாள் ஒரு திருப்பம். அன்றுவரை மைனரின் இயற்கைப் பாதுகாவலராகக் கையெழுத்திட்ட தாயும் தந்தையும் மறுநாள் சட்டத்தின் முன் வெறும் உறவினர்கள். வங்கி பிள்ளையின் கையெழுத்தைக் கேட்கும். பார்வையோ நடமாட்டமோ மட்டும் பாதிக்கப்பட்ட இளைஞர் தம் கணக்கைத் தாமே நடத்துவார், அவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை, வைப்பதும் தவறு. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நான்கு குறைபாடுகளுக்குள் வருபவருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலர் சான்றிதழ் தரும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை, வங்கிகளும் ஓய்வூதிய அலுவலகங்களும் அதை ஏற்கின்றன. பெற்றோர் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். பாதுகாவலராக ஆனவர் ஆறு மாதங்களுக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குச் செய்ததற்கெல்லாம் கணக்கா என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. நாளை அந்த இடத்தில் தாங்கள் இருக்கப்போவதில்லை என்பதையும், அந்தக் கணக்கைக் காட்ட வேண்டியவர் மருமகனாகவோ தம்பி மகனாகவோ இருப்பார் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர்கள் முதல் ஆண்டுக் கணக்கைத் தாங்களே எழுதித் தொடங்கிவைக்கிறார்கள்.